அறுபத்திரண்டாம் பக்கத்துக் குழம்பு

ஓரக்கண்ணால பாக்காத தங்கச்சி, நல்லா கையில வாங்கியே பாரு. புஸ்தகந்தான். அட்டையில ஒரு பொம்பளை அடுப்பு முன்னால குத்தவச்சு, முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருக்கா பாத்தியா? அது நான்தானாம். மூஞ்சியப் பாக்காத, மூஞ்சி வேற யாருதோ. படம் போட்டவரு என்னைப் பாத்ததே இல்ல. ஆனா உள்ள இருக்குறது பூரா நான்தான்னு ஊரே சொல்லுது. "புகையுண்ட முந்தானை". பேரு நல்லாத்தான் இருக்கு. எழுதுனது எம் மகன் ஜெயபாண்டி. அதுல மட்டும் தாய்நிலவன்னு போட்டிருக்கான். இன்னிக்கு மதுரையில அதுக்குப் பரிசு குடுத்தாக. அங்க போயிட்டுத்தான் வாரேன். இந்தா, பையில பொன்னாடை.

நீ அருப்புக்கோட்டை வரைக்குமா? ஆஸ்பத்திரியில நர்சா இருக்கியா? அப்பச் சரி. எதையும் பாத்து மிரளாத ஆளு. கிட்ட வா, உங்கிட்ட மெதுவாச் சொல்லலாம். நான் காரியாபட்டியில எறங்கணும், அதுவரைக்கும் நேரம் கெடக்கு.

மொத விசயம், எனக்குச் சமைக்கத் தெரியாது.

சிரிக்காத. நெசமாத்தான். எம் பேரு சண்முகக்கனி. எங்க சுத்துப்பட்டுல சென்ட்ரிங் கனின்னு கேளு, யாரும் சொல்லுவாக. வீட்டுக்கு மேல்தளம் போடுறதுக்குப் பலகை அடிச்சு, முட்டுக் குடுத்து, கம்பி கட்டுவாகள்ல, அதுதான் எந் தொழில். பதினேழு வயசுல சித்தாளாப் போனேன். இன்னிக்கு எனக்குக் கீழ பதினாலு ஆம்பளைக வேலை பாக்காக. நான் போட்ட தளம் ஒண்ணுகூட ஒழுகுனதில்ல. ஆனா ரசம் வச்சேன்னா ஒழுகும். அதாவது மூக்கு ஒழுகும், குடிக்கிறவுகளுக்கு.

அப்ப வீட்டுல யாரு சமைச்சான்னு கேக்குறியா? அவுகதான். எங்க வீட்டுக்காரரு. பேரு தங்கப்பழம். பேருக்கேத்த மனுசன். எங்க ஊரு லைப்ரரியில வேலை. காலையில தொறந்து வச்சு, வாரவுகளுக்குப் புஸ்தகம் எடுத்துக் குடுத்து, மத்தியானம் பூட்டிட்டு வந்துருவாக. கல்யாணமாகி மொத மூணு நாளு நான்தான் சமைச்சேன். அவுக ஒண்ணுமே சொல்லல. தண்ணி மட்டும் நெறையக் குடிச்சாக. நாலாம் நாளு காலையில கண்ணு முழிச்சுப் பாத்தா மனுசன் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காக. "என்னங்க இது"ன்னேன். "ஒண்ணுமில்ல கனி, தூக்கம் வரல"ன்னாக. முப்பத்தோரு வருசமா அவுகளுக்குத் தூக்கம் வரல.

ருசின்னா என்ன ருசிங்கிற! சாளைக் கருவாட்டுக் குழம்பு வச்சாகன்னா தெருமுனையில போறவன் சைக்கிளை நிப்பாட்டுவான்.

அதுதான் எனக்குக் கவலை. வாசம் வெளிய போனா யாரு வைக்கிறான்னு எட்டிப் பாப்பாகள்ல? பாத்தா, உள்ள ஆம்பளை கரண்டியோட நிக்கிறது தெரியுமே? நாளைக்கு அவுக லைப்ரரியில போயி எப்படி உக்காருவாக? நாலு பேரு மதிப்பானா? ஒரு நாளு சைட்டுல இருந்து நல்ல பலகையா ஒண்ணு தூக்கிட்டு வந்து அடுப்படி ஜன்னலை நானே அடைச்சேன். எட்டு ஆணி. இன்னிக்கும் அசைச்சுப் பாரு, ஆடாது. "காத்து வராதே கனி"ன்னாக. "உங்க மானம் வெளிய போறதுக்கு, காத்து உள்ள வராட்டா என்ன"ன்னுட்டேன். அப்ப எங்க வீட்டுல வெறகடுப்பு. கேஸு வந்தது பின்னாலதான்.

தெருவுல கேப்பாக, "கனியக்கா, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுக்கா"ன்னு. நான் பொய் சொல்ற ஆளில்ல. சும்மா சிரிச்சுக்கிடுவேன். சில நேரம் "எல்லாம் பக்குவந்தான்"னு சொல்லியிருப்பேன். ஒண்ணு ரெண்டு தடவை "மல்லியை வறுத்து அரைக்கணும்டி"ன்னு சொல்லியும் குடுத்திருக்கேன். சைட்டுல என் டப்பாவைத் தொறந்தா பதினாலு பேரும் சுத்தி நிப்பாக. "அக்கா கைக்குத் தங்கக் காப்பு போடணும்"பாக. அவுக மானத்துக்காக நான் அந்தப் பேரையெல்லாம் வாங்கிக்கிட்டேன். ஒரு பொஞ்சாதின்னா இதெல்லாம் தாங்கிக்கிடத்தானே வேணும்?

பொம்பளைன்னா ஒரு அடக்கம் வேணும் தங்கச்சி. சாரத்து மேல நின்னு ஆளுகளை வையுறப்பகூட நான் முந்தானையை இழுத்துச் சொருகிட்டுத்தான் வைவேன்.

சரி, கதைக்கு வாரேன். போன வருசம் புஸ்தகம் வந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து மகன் அனுப்பிவிட்டான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால அவுக சத்தமா வாசிச்சாக, நான் காலை நீட்டி உக்காந்து கேட்டேன். அதுல ஒரு அம்மா. விடிஞ்சதுல இருந்து அடுப்படியிலேயே கெடக்கா. எல்லாருக்கும் போட்டுட்டு, தான் வெறும் நீத்தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிடுறா. வாயே தொறக்க மாட்டா. ஒரு அப்பன். கண்ணு ரெண்டும் எப்பவும் செவந்து கெடக்கும். குடிச்சுட்டு வந்து சோத்துப்பானையை எத்துறான். கேக்கக் கேக்க எனக்கு அழுகை தாங்கல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ இப்படிக் கஷ்டப்படுதேன்னு ஏங்கி ஏங்கி அழுதேன்.

அவுக புஸ்தகத்தை மடக்கி வச்சுட்டு, "கனி, இது நீதான்"னாக.

"நானா?"

"பின்னாடி போட்டிருக்கான். 'என் தாயின் வாழ்வே இந்நூல்'னு."

"அப்ப அந்தக் குடிகாரப்பய?"

"அது நானாத்தான் இருக்கணும்"னாக.

தங்கச்சி, அவுக காப்பியே அரை கிளாஸ்தான் குடிப்பாக. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னிக்கே மெட்ராஸுக்குக் கெளம்பியிருப்பேன். அவுகதான் சிரிச்சாக. "கதைன்னா ஒரு கெட்டவன் வேணுமில்ல கனி. வேற ஆளு கெடைக்கல போல. ஆனா நல்லா எழுதியிருக்கான். எழுத்துப் பிழை மட்டும் பதினொண்ணு இருக்கு"ன்னு பென்சிலால திருத்தி வச்சாக. அப்படிப்பட்ட மனுசன்.

எழுதுனா எழுதிட்டுப் போறான்னு விட்டுட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால பரிசுன்னு சேதி வந்துச்சே, அப்பப் புடிச்சது சனியன். மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணும் ஒரு பையனும் கேமராவைத் தூக்கிட்டு வந்துட்டாக. யூடியூப்பாம். "அம்மா, நாவல்ல அறுபத்திரண்டாம் பக்கத்துல வர்ற கருவாட்டுக் குழம்பை நீங்க உங்க கையால வைக்கணும், நாங்க படம் எடுக்கணும்"னுச்சு அந்தப் பொண்ணு. அந்தப் பக்கத்துல குழம்பைப் பத்தி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கான். வாசிச்சா எச்சி ஊறும்.

நான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா வாசல்ல தெருப் பொம்பளைக பூராவும் வந்து நிக்காளுக. முப்பது வருசத்துப் பேரு. சரின்னுட்டேன்.

அடுப்பு முன்னால நின்னா, எந்த டப்பாவுல எது இருக்குன்னே தெரியல. கடுகுன்னு நெனச்சு கசகசாவை அள்ளிட்டேன். எங்க வீட்டுக்காரரு உள் ரூம்புக் கதவு இடுக்குல நின்னு எனக்குச் சாடை காட்டுறாக. கையை உருட்டிக் காட்டுனாக. புளியாம். நான் அம்மிக்குழவின்னு நெனச்சு அதைப் போயித் தூக்கிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு, "அம்மா பழைய முறையில அரைக்கப் போறாங்க, ஜூம் பண்ணு ஜூம் பண்ணு"ங்குது. அப்புறம் எனக்கும் பொறுமை போச்சு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதானே, ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு. ஒரு பங்கு சிமெண்டு, ரெண்டு பங்கு மணலு, நாலு பங்கு ஜல்லி. அதே மாதிரி ஒரு கை உப்பு, ரெண்டு கை மொளகாப்பொடி, நாலு கை கருவாடு போட்டு, தண்ணியை விட்டுக் கிண்டுனேன். கருவாட்டைக் கழுவணுமாம். அது எனக்கு யாரு சொன்னா?

ரெண்டு பேருக்கும் தட்டுல போட்டேன். ஒரு வாய் வச்சாக பாரு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. பையன் எந்திரிச்சு வெளிய ஓடிட்டான். செத்தோம்டான்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேமராவைப் பாத்துச் சொல்லுது, "இது வெறும் காரம் இல்ல நண்பர்களே. ஒரு தாயோட முப்பது வருச வலி."

அதைப் பத்து லட்சம் பேரு பாத்திருக்காகளாம்.

பாத்தவுக சும்மா இருந்தாகளா? அதுக்கப்புறந்தான் எங்க வீட்டுக்காரரை எல்லாரும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாக. வெளியூருல இருந்து மகளிர் சங்கத்துக்காரவுக மூணு பேரு லைப்ரரிக்கே போயி, "ஐயா, குடியை விடுறதுக்கு நல்ல மருந்து இருக்கு, வீட்டம்மாவுக்குத் தெரியாமயே நீங்களா வந்து வாங்கிக்கலாம்"னு நோட்டீசு குடுத்துட்டு வந்திருக்காளுக. அவுக அதை வாங்கி, உடல்நலம்னு போட்டிருக்குற அலமாரியில அடுக்கி வச்சுட்டு வந்துட்டாக. உள்ளூர்க்காரவுகளுக்கு அவுகளைப் பத்தித் தெரியும். தெரிஞ்சும், "வீட்டுக்குள்ள எப்படியோ, யாரு கண்டா? ஜன்னலைக்கூட அடைச்சுல்ல வச்சிருக்காக, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு"ன்னு பேசிக்கிட்டாளுக. பாத்தியா, எம் பலகையையே எம் மேல திருப்பிட்டாளுக.

நோட்டீசு குடுத்த அன்னிக்குச் சாயங்காலம் சைட்டுல இருந்து வந்து தட்டை எடுத்து வச்சு உக்காந்தேன். அடுப்பு பத்தவே இல்ல. அவுக நாற்காலியில உக்காந்து புஸ்தகத்தைக் கையில வச்சிருக்காக.

"என்னங்க, சாப்பாடு?"

"இனிமே நீயே வையி கனி"ன்னாக.

"எவனாச்சும் குடிகாரன்னு சொன்னானா? சொல்லுங்க, யாருன்னு பாத்துருவோம்."

"அது கெடக்கட்டும். என்னை என்னன்னு வேணா எழுதட்டும்." புஸ்தகத்தைப் பிரிச்சு அந்தப் பக்கத்தைக் காட்டுனாக. அறுபத்திரண்டு. "இதை வாசிச்சா கருவாடு வேகுற சத்தம் கேக்குது. பூண்டு எப்ப பொன்னிறமாச்சு, புளித்தண்ணி எப்ப சுண்டுச்சு, எல்லாம் வரிக்கு வரி கரெக்டா எழுதியிருக்கான். பக்கத்துல உக்காந்து பாத்த பிள்ளைதானே. பாத்துட்டு, கடைசியில, அதை நீ வச்சேன்னு எழுதிட்டான் கனி."

அவுக கொரலு கொஞ்சம் ஒடைஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்குப் புரியல தங்கச்சி. மண்டையை ஒடைச்சாப்புல குடிகாரன்னு எழுதியிருக்கு, அதுக்குச் சிரிச்ச மனுசன் ஒரு குழம்புக்கா கலங்கணும்?

மறுநாள்ல இருந்து வேலைநிறுத்தம். எங்கிட்ட வேலை பாக்குறவுக எத்தனையோ தடவை வேலையை நிறுத்தியிருக்காக, ரெண்டே நாள்ல பேசி முடிச்சுருவேன். இவுககிட்ட பேச்சு எடுபடல. கோவமா இருந்தாக்கூட சண்டை போடலாம். அவுக பாட்டுக்கு லைப்ரரிக்குப் போறாக, வாராக, "நான் வெளிய ரெண்டு இட்லி தின்னுட்டேன், நீ சாப்பிட்டியா"ன்னு அன்பாக் கேக்காக. ஒரு நாளு நானே ரோஷத்துல சாம்பார் வச்சேன். செவத்துக்குப் பூசலாம். சைட்டுல பதினாலு பேரும் "அக்கா, டப்பா எங்கக்கா"ன்னு கேக்காக. ஒருத்தன் மெதுவா, "அண்ணன் மறுபடி பானையை எத்திட்டாரா அக்கா"ன்னான். கரண்டியால அடிச்சேன். அதாவது கொத்துக் கரண்டி. லேசாத்தான்.

போன வாரம் மகன் வந்தான், பத்திரிகையைக் குடுத்து எங்களைக் கூப்பிட. வாசல்லயே நிப்பாட்டிக் கேட்டேன். "ஏண்டா, எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? அப்பா கையால தின்னுதானடா வளந்த?"

"தெரியும்மா. மொதல்ல அப்படித்தான் எழுதுனேன். அப்பா சமைக்கிறார், அம்மா தளம் போடுறாங்கன்னு. பதிப்பகத்துல படிச்சுட்டு, 'கற்பனை நல்லா இருக்கு, ஆனா நம்பும்படியா இல்லையே'ன்னுட்டாங்க."

"சென்ட்ரிங் அடிக்கிறதை நம்ப மாட்டாகளாமா? கூட்டிட்டு வா, அவுக தலைக்கு மேலயே அடிச்சுக் காட்டுறேன்."

"அப்படி இல்லம்மா. அம்மான்னா படிக்கிறவங்களுக்கு ஒரு உருவம் மனசுல இருக்கு. சாரத்து மேல நின்னு பதினாலு பேரை வையுற அம்மாவைப் பாத்து யாரும் அழ மாட்டாங்கம்மா."

"சரி, அவரை ஏண்டா குடிகாரராக்குன?"

அதுக்கு அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "வேணும்னு எழுதலம்மா. சின்னப்பிள்ளையில அப்பா கண்ணு எப்பவும் செவந்து இருக்கும்ல, புகையில நின்னு நின்னு? அது என் மனசுலயே நின்னுருச்சு. செவந்த கண்ணோட அப்பா வீட்டுக்குள்ள வந்தார்னு ஒரு வரி எழுதுனேன். அடுத்த வரி தானா வந்துருச்சு, குடிச்சிருந்தார்னு. செவந்த கண்ணுள்ள ஆம்பளைன்னா வேற என்னம்மா எழுதுறது?"

அவன் மெதுவாச் சொன்னான், "அந்த ஜன்னல் மட்டும் தொறந்து இருந்திருந்தா புகை வெளிய போயிருக்கும்மா."

கேட்டியா தங்கச்சி? பேசுறதைக் கேட்டியா? அப்ப ஜன்னலை அடைச்ச நான்தான் அவுகளைக் குடிகாரனாக்குனேன்னு சொல்லுறான்! நான் எதுக்கு அடைச்சேன்? அவுகளுக்காக அடைச்சேன். அவுக அடைக்கச் சொன்னாகளான்னு கேக்காத. அவுக சொல்லல. அவுக எதைத்தான் வாயைத் தொறந்து கேட்டிருக்காக?

உள்ள இருந்து அவுக சொன்னாக, "அவனை வையாத கனி. நம்ம லைப்ரரியில இருக்குற கதைப் புஸ்தகத்துல முக்கால்வாசியில அம்மா அடுப்படியில நிக்கா, அப்பா வாசல்ல நிக்கான். அதையெல்லாம் எடுத்துக் குடுத்ததே நான்தான். படிச்சு வளந்த பிள்ளை வேற எப்படி எழுதும்?"

கண்டக்டரு வாராரு. எனக்கு எடுத்தாச்சு, நீ எடுத்துக்க. ம்.

அப்ப நான் முடிவு பண்ணுனேன், மேடையில ஏறி எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிரணும்னு. அவுக மறுபடி அடுப்புப் பத்த வைக்கணும்ல? மூணு வாரம் பன்னும் டீயுமா ஓட்டுறேன்.

இன்னிக்குக் காலையில மண்டபத்துல நல்ல கூட்டம். என்னை மேடைக்குக் கூப்பிட்டாக. பொன்னாடை போட்டாக. "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்"னாக. மைக்கைப் புடிச்சேன். சைட்டுல கத்துன பழக்கம், சத்தத்துக்கு என்ன கொறைச்சல். "எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சமைக்கத் தெரியாது"ன்னேன்.

கையைத் தட்டுனாக பாரு, கூரை பிஞ்சுரும் போல. விழாத் தலைவரு மைக்கை வாங்கி, "பார்த்தீர்களா, என்ன தன்னடக்கம்!"ங்கிறாரு.

நான் திருப்பிப் புடுங்குனேன். "அடக்கமும் இல்ல ஒண்ணுமில்ல. நெசமாவே தெரியாது. எங்க வீட்டுல முப்பத்தோரு வருசமா சமைக்கிறது எங்க வீட்டுக்காரரு. அந்தக் குழம்பு அவுக வச்சது"ன்னேன்.

தலைவரு கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் தொடைச்சாரு. "தன்னை எட்டி உதைத்த கணவனைக்கூட ஊரறியப் புகழ்கிறாரே, இவரல்லவோ தாய்!"னாரு. முன் வரிசையில ரெண்டு பொம்பளைக விம்மி விம்மி அழுதாளுக. பொய்யை ஒரு தடவை சொன்னா நம்புனவுக, நெசத்தை ரெண்டு தடவை சொல்லியும் நம்ப மாட்டேங்கிறாக.

விடுவேனா? "ஏங்க, இங்க வாங்க!"ன்னு கீழ இருந்த அவுகளைக் கூப்பிட்டேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாக்குது. மகன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவுக எந்திரிச்சு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, மெதுவா ஏறி வந்தாக. தலைவரு அவுக தோளுல கையைப் போட்டு, மெல்லிசாக் கேட்டாரு. மைக்குல எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஐயா, நிறுத்திட்டீங்களா?"

அவுக நெசமாத்தான் பதில் சொன்னாக, பாவம். "ஆமாங்க. நிறுத்தி மூணு வாரமாச்சு."

எந்திரிச்சு நின்னு தட்டுனாக தங்கச்சி! "இலக்கியத்தால் ஒரு மனிதனைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா!"ன்னு தலைவரு கத்துறாரு. அவுகளுக்கும் ஒரு பொன்னாடை போட்டாக. அவுக திருதிருன்னு முழிச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்காக, "ஏன் கனி, சமையலை நிறுத்துனதுக்கா இவ்வளவு சந்தோசப்படுறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவுகளுக்கும் புரிஞ்சு சிரிப்பு வந்துருச்சு. மேடையில ரெண்டு கெழடும் சிரிச்சுக்கிட்டு நிக்குறோம். அதையும் போட்டோ எடுத்துக்கிட்டாக.

மத்தியானம் பந்தியில உக்காந்தோம். மகன் அப்பாவுக்கு எலையில தண்ணி தெளிச்சு விட்டான். கூட்டத்துல இருந்து ஒரு அம்மா எங்ககிட்ட வந்துச்சு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற அம்மாவாம். எங்கிட்ட கேட்டுச்சு, "அம்மா, அறுபத்திரண்டாம் பக்கத்துல ஒரு சந்தேகம். கருவாட்டை மொதல்லயே போட்டா கரைஞ்சு போகாதா? எப்பப் போடணும்?"

நான் திகைச்சுப் போயி அவுகளைப் பாத்தேன்.

அவுக எலையில இருந்து தலையைத் தூக்காமயே சொன்னாக, "புளித்தண்ணி பச்சை வாசம் போயி, ஓரத்துல எண்ணெய் பிரியும்ல, அப்பப் போடணும்மா. போட்டதும் கரண்டி போடக் கூடாது. சட்டியைத்தான் அசைக்கணும்."

"பூண்டு?"

"தட்டிப் போட்டா குழம்புல கரைஞ்சுரும். முழுசாப் போடுங்க. ஆனா பல்லோட அடியில லேசா ஒரு கீறல்."

சொல்லச் சொல்ல அவுக கையைப் பாக்கணுமே. சட்டியை அசைக்குது, கீறல் போடுது, உப்பைக் கிள்ளுது. எல்லாம் வெறும் காத்துல. அந்த அம்மா அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு. மறுபடி அவுகளைப் பாத்துச்சு. "அண்ணே, குழம்பு நீங்க வச்சதுதானா!"ன்னுச்சு.

முந்நூறு பேரு இருந்த எடத்துல நம்புனது அந்த ஒரு ஆளுதான். அவுக மூஞ்சி மலந்ததைப் பாக்கணும் நீ. கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அப்படிப் பாக்கல. அந்த அம்மா வெத்தலைப் பாக்குப் பையைக் கிழிச்சு அதுல எழுதிக்கிட்டே கேட்டுச்சு, அவுக சொல்லிக்கிட்டே இருந்தாக, பாயசம் ஆறிப் போச்சு. பக்கத்துல மகனும் பேனாவை எடுத்து எழுதுறான், கண்ணு தளும்புது அவனுக்கு. போறப்ப அந்த அம்மா, "இதையெல்லாம் புஸ்தகமா எழுதுங்கண்ணே, எங்களுக்கு ஒதவும்"னுட்டுப் போச்சு.

மகன் சொன்னான், "அப்பா, நான் எழுதித் தாரேன்." அவுக அவன் தோளைத் தட்டி, "வேணாம்பா. நீ எழுதுனா யாராச்சும் பானையை எத்திருவாக. நானே எழுதிக்கிடுறேன்"ன்னாக.

பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குனாக. பஸ்ஸுல ஏறி, இந்தா நீ உக்காந்திருக்கியே, இதே எடத்துலதான் உக்காந்தாக, என் பக்கத்துல. நோட்டைப் பிரிச்சு மடியில வச்சு எழுத ஆரம்பிச்சாக. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நாளைக்கு அடுப்பு எரியும்ல. அந்தச் சந்தோசத்துலதான் ஒரு யோசனை சொன்னேன்.

"ஏங்க, சமையல் புஸ்தகத்துல ஆம்பளை பேரைப் போட்டா யாரு வாங்குவாக? எம் பேரைப் போட்டுருங்க. திருமதி சண்முகக்கனின்னு. படிக்கிறவுகளுக்கும் ஒரு நம்பிக்கை வரும்"ன்னேன்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவுக எழுதுறதை நிப்பாட்டுனாக. பேனாவை மூடுனாக. நோட்டை மடக்கிப் பைக்குள்ள வச்சாக. எந்திரிச்சு முன்னால போயி, அந்தா, டிரைவருக்குப் பின்னால தனி சீட்டுல உக்காந்துக்கிட்டாக. வழுக்கைத் தலை தெரியுதா, பொன்னாடையை மடியில வச்சுக்கிட்டு? அவுகதான். அதனாலதான் உனக்கு இங்க எடம் கெடைச்சுச்சு.

நீயே சொல்லு தங்கச்சி, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

என்ன? ஏன் இப்படி என்னையே பாக்குற? வாயத் தொறந்து சொல்லு.

அவுக பேரையே போடணுங்கிறியா? ஊரு சிரிக்குமே.

சிரிச்சா சிரிக்கட்டுங்கிறியா. உனக்கென்ன, நீ அருப்புக்கோட்டையில எறங்கிப் போயிருவ. இந்தப் பஸ்ஸுலயே எங்க ஊர்க்காரவுக ஆறு பேரு இருக்காக. அந்தா, மளிகைக் கடைக்காரரு. பின்னால வாயாடி ஒருத்தி இருக்கா, அவ காதுல விழுந்தா ஒரு மணி நேரத்துல தெருவே தெரிஞ்சுக்கிடும்.

...

அவுக திரும்பிக்கூடப் பாக்கலை பாரேன். முப்பத்தோரு வருசத்துல எம் பக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போனது இதுதான் மொதத் தடவை.

காரியாபட்டி வந்துருச்சு போல. இரு, அந்தப் பையை எடு. கொஞ்சம் வழிவிடு, நிக்கணும்.

"ஏங்க! ஏங்க, உங்களைத்தான்! புஸ்தகத்துல உங்க பேரையே போடுங்க!... எந்தப் புஸ்தகமா? சமையல் புஸ்தகந்தாங்க! கருவாட்டுக் குழம்பு!... ஆமா, நல்லாத்தான் சொல்லுறேன், காதுல விழுந்தவுகளுக்கு விழட்டும்! எனக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது, எல்லாம் இவுகதான்! மளிகைக்கடைக்காரரே, இனிமே சாமான் லிஸ்டு இவுக கையில வாங்கிக்கங்க!"

அம்மாடி. பஸ்ஸே திரும்பிப் பாக்குது தங்கச்சி. எனக்கு மூஞ்சியெல்லாம் வேர்க்குது. இரு, முந்தானையால தொடைச்சுக்கிடுறேன்.

அவுக எந்திரிச்சுட்டாக. சிரிக்காகளா? நீ பாத்துச் சொல்லு, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. என்னமோ கேக்காக பாரு. என்னங்க? சத்தமாச் சொல்லுங்க!

கேட்டியா? "இனிஷியலோடவா கனி, இனிஷியல் இல்லாமயா?"ங்கிறாக.